சேவ் அழுத்திய பிறகு

போர்ட் பிளேயரில் ஒரு தனியார் கப்பல் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் ஞானசெல்வி ஒன்பது வருடமாக வேலை பார்த்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் அவள் காதில் வாசிக்கும். அதைக் கேட்டபடியே, வரிசையில் நிற்பவர்களோடு இந்தியில் பேசியபடியே, பக்கத்து கவுண்டர்காரர்களைவிட வேகமாக டிக்கெட் போடுவாள்.

மார்ச்சில் புது மென்பொருள் வந்தது. பெயர், வயது, கப்பல் நேரம் எல்லாம் காதில் விழுந்தன. டிக்கெட்டைப் பதிவுசெய்ய சேவ் அழுத்தினால் மட்டும் சத்தமே இல்லை. டிக்கெட் விழுந்ததா இல்லையா என்பது திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டியாக வந்து, மூன்று நொடியில் மறைந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

தெரிவதற்குள் தப்பு நடந்துவிட்டது. ஹேவ்லாக் தீவுக்குப் போக வந்த ஒரு குடும்பத்திடம், "ஹோ கயா, ஆயிடுச்சு, டிக்கெட் போன்ல வரும்" என்று இந்தியும் தமிழுமாகச் சொல்லி அனுப்பினாள். டிக்கெட் விழவே இல்லை. கப்பல் துறையில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தைகள் அழுதுகொண்டே வந்து கவுண்டர் முன்னால் நின்றதை அவளால் மறக்க முடியவில்லை.

மேனேஜர் பன்னீர்செல்வம் கூப்பிட்டார்.

"செல்வி, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாள் போன் எடுக்கிற வேலையைப் பாருங்களேன்."

"இதை எழுதுன ஆளை ஒரு நாள் என்கிட்ட அனுப்புங்க சார். அப்புறம் எங்க உக்காரச் சொன்னாலும் உக்காருதேன்."

மறுநாள் காலையில் அந்த மென்பொருளை எழுதிய சிவபிரகாஷ் வந்தான். இருபத்தாறு வயது. "எல்லா மெசேஜும் ஸ்கிரீன்ல வருதே அக்கா" என்றான்.

ஞானசெல்வி மானிட்டரை அணைத்தாள். இயர்போனை அவனிடம் கொடுத்தாள். "இப்ப ஒரு டிக்கெட் போடுங்க தம்பி."

தட்டுத் தடுமாறிப் பெயரை அடித்தான். சேவ் அழுத்தினான். காத்திருந்தான்.

"விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

"எனக்கும் அதேதான்."

அவன் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பெட்டியைத் திரையில் காட்டினால் மட்டும் போதாது, அந்த வாக்கியத்தை ஸ்கிரீன் ரீடருக்குத் தனியாக அனுப்பி 'இதைச் சொல்' என்று கேட்க வேண்டும். இதுவரை அது தனக்குத் தோன்றவே இல்லை என்று அவளிடமே ஒப்புக்கொண்டான்.

மதியத்துக்குள் மென்பொருள் பேசியது. பேசிக்கொண்டே இருந்தது. காலி இடங்களின் கணக்கு மாறும்போதெல்லாம் நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று என்று குறுக்கே வந்து, அவள் அடிக்கும் பெயரையே கேட்கவிடவில்லை.

"அரே பாபா, வாயை மூடச் சொல்லுங்க!" என்று சிரித்தாள். "விழுந்துச்சா விழலையான்னு உடனே சொல்லட்டும். கப்பல் ரத்துன்னாலும் சொல்லட்டும். மத்ததெல்லாம் நான் கேட்டா சொன்னா போதும்."

மறுநாள் அப்படியே மாற்றிக்கொண்டு வந்தான். கவுண்டர் திறந்ததும் முதலில் வந்தவர் இரண்டு மணிக் கப்பலுக்கு மூன்று இடம் கேட்டார். சேவ் அழுத்தினாள்.

"டிக்கெட் பதிவாகவில்லை. இரண்டு இடம் மட்டுமே உள்ளது."

பதிவாகவில்லை என்ற செய்தி இவ்வளவு இனிக்கும் என்று அவள் நினைத்ததில்லை. "பையா, தோ பஜே வாலா மே ஸிர்ஃப் தோ சீட் ஹை. சாடே தீன் வாலா சலேகா?" என்று கேட்டாள். மூன்றரை மணிக் கப்பலே போதும் என்றார் அவர். மறுபடி அழுத்தினாள்.

"மூன்று டிக்கெட் பதிவானது."

பின்னால் நின்றிருந்த பன்னீர்செல்வம், "போன் வேலைக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் ஞானசெல்வி சிவபிரகாஷை கப்பல் துறைக்கு எதிரே இருந்த கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சூரை மீன் குழம்பு வாங்கினாள். இரண்டாம் முறை சோறு கேட்டு, நிதானமாகச் சாப்பிட்டாள்.