முதஸ்ஸரின் விரல்ரேகை

கௌஸர் தன் அண்ணன் முதஸ்ஸரின் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று அவளுக்கு யாரும் கதவைத் திறந்துவிடவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. அண்ணி தன்ஸீலா அதையே ஒரு குறையாகச் சொன்னாள்.

"கதவத் தொறந்து போட்டா நாய் வரும்னு நெனச்சேன். நீ வந்து நிக்கிற."

பிள்ளைகளே, கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொண்டு கேளுங்கள். இந்த வீட்டில் அன்பான ஒரு வார்த்தை காதில் விழ நேரமாகும். விழாமலேகூடப் போகலாம்.

இரண்டு வீடுகளும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. முதஸ்ஸருக்குத் தன்ஸீலாவைக் கட்டினார்கள். தன்ஸீலாவின் அண்ணன் அஷ்ஃபாக்குக்கு முதஸ்ஸரின் தங்கை கௌஸரைக் கட்டினார்கள். ஒரே நாள், ஒரே பந்தல், ஒரே மௌலவி. அங்கே போனவள் கோபித்துக்கொண்டு திரும்பி வந்தால் இங்கே வந்தவளும் மூட்டை கட்ட வேண்டும். கால்வாய்க்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. அதனால் கௌஸர் வாசலில் நின்றபோது தன்ஸீலாவுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

கௌஸரின் இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. அஷ்ஃபாக் அரபு நாட்டில், தம்மாமில் ஒரு கட்டிட கம்பெனியில் ஃபோர்மேன். வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவான். போன விடுப்பில் தேநீர் ஆறிப்போயிருந்தது என்று தொடங்கி, கை முறிந்ததில் போய் முடிந்தது. எலும்பு கட்டும் பயில்வானைக் கூட்டிவந்து கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகவே சேர்ந்துவிட்டது. இப்போது பெருநாளுக்கு அவன் மறுபடி வரப்போகிறான் என்று மாமியார் சொன்னதும் கௌஸர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு தகரப் பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டாள்.

வந்த நேரம்தான் பொல்லாத நேரம். முதஸ்ஸருக்கு விசா வந்திருந்தது. அஷ்ஃபாக்தான் தன் கம்பெனியில் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தான், டைல்ஸ் பதிக்கும் கொத்தனார் வேலைக்கு. மருத்துவப் பரிசோதனை முடிந்து நெஞ்சுப் படமும் ரத்தமும் சுத்தம் என்று தாள் வந்துவிட்டது. இஸ்லாமாபாத்தில் விரல்ரேகை கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டில் விசா ஒட்ட வேண்டும், அப்புறம் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதிவு செய்யும் புரொடெக்டர் ஆபீசில் முத்திரை. அதோடு விமானம்தான். தெருவில் இருந்த வீடுகளில் முக்கால்வாசி தம்மாமும் துபாயும் கட்டியவை. முதஸ்ஸரின் வீட்டில் மட்டும் மாடிக் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊருக்கெல்லாம் பளிங்கு பதித்தவன் வீட்டு முற்றம் மண் தரை.

மறுநாளே அஷ்ஃபாக் போன் செய்தான். முதஸ்ஸரின் தாய் சிராக் பீபி எல்லோருக்கும் கேட்கும்படி போனைக் கட்டில் மேல் வைத்தாள்.

"மச்சான், விசா நான் வாங்கினது. உன் பாஸ்போர்ட்டுல விசா ஒட்டுற அன்னைக்கு என் பொண்டாட்டி எங்கம்மா அடுப்படியில மாவு பிசையணும். இல்லன்னா கம்பெனியில ஒரு வார்த்தை போதும். அந்த விசாவுல பெஷாவர்க்காரன் எவனாவது பறந்துருவான்."

"சரி" என்றான் முதஸ்ஸர்.

முதஸ்ஸர் எல்லோருக்கும் சரி சொல்கிறவன். வீட்டுக்காரன் சுவரை இடிக்கச் சொன்னாலும் சரி, திரும்பக் கட்டச் சொன்னாலும் சரி.

"அண்ணே, நான் போகணுமா?" என்று கௌஸர் கேட்டாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். "மொதல்ல மெஷின்ல விரல்ரேகை விழட்டும். பாப்போம்."

"என்னத்தப் பாக்கறது?" என்று சிராக் பீபி குறுக்கே விழுந்தாள். "இங்க உக்காந்திருந்தா உன் கை நிமிர்ந்துருமா? வளைஞ்சது வளைஞ்சதுதான். அதுக்காக உங்க அண்ணன் பொழப்பும் வளையணுமா? அவன் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களுக்கு நீயா சீர் செய்வ?"

"பெருநாளைக்கு அவர் வர்றாரும்மா."

"வரட்டும். தேநீரச் சூடா குடு."

அன்றே தாய் கௌஸரின் தகரப் பெட்டியை வாசல் பக்கம் இழுத்து வைத்தாள். உள்ளே ஒரு புது சல்வார் கமீஸ். போகும்போது உடுத்திப் போக.

தன்ஸீலாவும் சும்மா விடவில்லை. தன் துப்பட்டாவை எப்போதும்போல இடது புருவம் வரை இறக்கிவிட்டுக்கொண்டு, கீரையும் சோள ரொட்டியும் பரிமாறும்போது சொன்னாள்:

"வேலைன்னா கை வளையும். தட்டுக்கு மட்டும் நேராப் போகுது பாரு."

கௌஸர் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"உக்காரு. போட்டத வீணாக்காத. இது எங்கம்மா வீட்டுக் கோதுமை இல்ல, சோளம்."

முதல் தடவை விரல்ரேகை கொடுக்க விசா ஏஜெண்டின் ஆள் துஃபைல்தான் முதஸ்ஸரைக் கூட்டிப்போனான். மோட்டார் சைக்கிளும் கறுப்புக் கண்ணாடியுமாக ஊர் ஊராக ஆள் பிடிக்கிறவன். மாலையில் திரும்பியதும் முற்றத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"பெரியம்மா, உங்க புள்ளைக்கு விரலே இல்ல! மெஷின் கண்ணாடி மேல கைய வைக்கிறான், செவப்பு விளக்கு எரியுது. துடைச்சு வைக்கிறான், மறுபடி செவப்பு. மெஷின்கிட்ட உக்காந்திருந்த பொண்ணு கேக்குது, 'அங்கிள், விரல் கொண்டாந்தீங்களா, உருளைக்கிழங்கு கொண்டாந்தீங்களா?'ன்னு. பின்னாடி நின்ன வரிசையே சிரிக்குது."

முதஸ்ஸரும் லேசாகச் சிரித்தான். சிராக் பீபி சிரிக்கவில்லை. "இப்ப என்ன பண்றது?"

"சிமெண்ட் தின்ன விரல் பெரியம்மா. கொத்தனாருங்க நெறையப் பேருக்கு இதான். மூணு விரல் மட்டும் ஏதோ லேசா விழுந்துச்சு. மூணு வாரம் சிமெண்ட்டத் தொடாம இருக்கணும். தினம் வெந்நீர்ல ஊறவச்சு, கிளிசரினும் எலுமிச்சையும் தேய்க்கணும். தோல் மறுபடி வளரும். இன்னொரு தடவைதான் பாக்கலாம். அதுலயும் விழலன்னா கம்பெனி காத்திருக்காது."

சிராக் பீபி மருமகளைப் பார்த்தாள். "உன் அண்ணன் குடுத்த விசா. உன் புருஷன் கை. நீயே பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றாள் தன்ஸீலா.

அன்றிலிருந்து தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் முதஸ்ஸர் கயிற்றுக்கட்டிலில் உட்காருவான். தன்ஸீலா அடுப்படிக்குப் பின்னால் போய்க் கலக்கி, ஓர் எனாமல் பாத்திரத்தைத் தூக்கி வருவாள். தண்ணீர் நீர்மோர்போல வெளுத்திருக்கும். அவன் இரண்டு கைகளையும் அதற்குள் விடுவான்.

முதல் நாள் கௌஸர் உதவிக்குப் போனாள்.

"தள்ளு! உன் கை பட்டது எதுவும் நேராகாது. இந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்துல உன்னப் பாத்தேன், விறகுக்கட்டைதான் பேசும். கழுவக்கூடத் தொடாத, சொல்லிட்டேன்."

"அதத் தொட்டு எனக்கென்ன ஆகப்போகுது அண்ணி?"

"நாளைக்கு விரல் விழலன்னா உன்னத்தான் சொல்வாங்க. அந்தப் பேச்ச என் காதால கேக்க முடியாது. போ."

கௌஸர் அழுதுகொண்டே போனாள். முற்றத்தில் முதஸ்ஸர் முகத்தைச் சுளித்தான்.

"எரியுதே."

"எரிஞ்சாத்தான் பழைய தோல் போகும்" என்றாள் தன்ஸீலா. "எடுத்துடவா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பாத்திரத்தைப் பார்த்தான். "இருக்கட்டும்."

அவன் கைகளை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டதைத் தாய் கவனிக்கவில்லை. சிராக் பீபி தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டு, பால்போல வெளுத்த தண்ணீரைப் பார்த்து, "எலுமிச்சை நல்லாப் புழிஞ்சிருக்கா" என்று மருமகளை மெச்சிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் மெச்சியது அது ஒன்றுதான்.

இரண்டாம் தடவை புறப்பட்ட காலையில் சிராக் பீபி வாசலில் குர்ஆனைத் துணியில் சுற்றி உயர்த்திப் பிடித்தாள். முதஸ்ஸர் அதன் கீழே குனிந்து வெளியே போனான். கைகளில் கைக்குட்டை சுற்றியிருந்தான். தகரப் பெட்டி வாசலிலேயே இருந்ததால் அதைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

"உடுத்திக்கிட்டு உக்காரு" என்றாள் தாய், மகளிடம். "விரல் விழுந்துச்சுன்னு போன் வந்ததும் கிளம்பணும். விசா ஒட்டறப்ப நீ அங்க இருக்கணும்."

கௌஸர் புது உடையை உடுத்திக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்தாள். மதியம் போன் வரவில்லை. அஸர் பாங்கு சொன்ன பிறகும் வரவில்லை. பொழுது சாயும்போது முதஸ்ஸரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள்தான் வந்தது. துஃபைல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

"என் மானமே போச்சு. மெஷின் செத்துப்போச்சுன்னு நெனச்சு வேற மெஷின் கொண்டாந்தாங்க. போன தடவை மூணு விரலாவது விழுந்துச்சு. இந்தத் தடவை ஒண்ணு கூட இல்ல! கையா அது, பளிங்குக்கல்லா? என்ன தேய்ச்சீங்க?"

"நீங்க சொன்னதத்தான்" என்றாள் தன்ஸீலா.

"நான் சொன்னதத் தேய்ச்சவன் எல்லாம் தம்மாம்ல இருக்கான்."

அவன் வண்டியைத் திருப்புவதற்குள் கட்டில் மேல் போன் அடித்தது. அஷ்ஃபாக்குக்கு விஷயம் அதற்குள் போய்விட்டிருந்தது.

"மச்சான், வேணும்னே பண்ணினீங்க. என்ன ஏமாத்தப் பாக்கறீங்களா? விசா வேற ஆளுக்குப் போயாச்சு. அந்த முடமான கழுதைய நீயே வச்சுக்க. என் தங்கச்சிய இன்னைக்கே அனுப்பு. நம்ம வழக்கம் தெரியுமில்ல?"

முதஸ்ஸர் வாய் திறந்தான். சரி என்றுதான் சொல்லிவிடுவானோ என்று கௌஸர் பெட்டியிலிருந்து எழுந்தாள். அதற்குள் தன்ஸீலா போனை எடுத்துவிட்டாள்.

"அனுப்பறதுக்கு நான் என்ன கோதுமை மூட்டையா?"

"நீ உள்ள போ. ஆம்பளைங்க பேசறோம்."

"பேசு, நானும் கேக்கறேன். நான் வரமாட்டேன்."

"வழக்கத்த ஒடைப்பியா?"

"வழக்கம் தெரியும். உன் கையும் தெரியும்." அவள் துப்பட்டாவைப் பின்னால் தள்ளினாள். அஷ்ஃபாக்குக்குத் தெரிய வழியில்லை. முற்றத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. புருவத்திலிருந்து மயிர்க்கோடு வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. "ரொட்டி கருகிப்போச்சுன்னு தந்தூர் அடுப்புல பழுத்த கம்பியால அடிச்சியே, ஞாபகம் இருக்கா? அப்ப நான் சின்னப் புள்ள. உனக்குத் தேநீர் ஆறக்கூடாது, ரொட்டி கருகக்கூடாது."

"நீ எனக்குச் செத்துட்ட" என்றான் அஷ்ஃபாக்.

"நல்லது. ஃபாத்திஹா ஓதிடு. பிரியாணி உன் செலவு."

சிராக் பீபி தன் கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். "என் புள்ள வயித்துல மண்ணு. ரெண்டு மூதேவிங்களும் ஒரே கூரைக்குக் கீழ. இனி எனக்கு யாரும் தண்ணிகூடக் குடுக்க வேணாம்." தெருவில் எட்டிப் பார்த்தவர்களைத் துஃபைல் விரட்டினான். பிறகு அவனும் போய்விட்டான்.

கௌஸர் புது உடையோடே அடுப்படிக்குப் பின்னால் போனாள். எனாமல் பாத்திரம் அங்கே கவிழ்ந்து கிடந்தது. இனி தொட்டால் என்ன என்று கழுவ எடுத்தாள். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். நகக்கண் சுரீரென்று எரிந்தது. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு.

தன்ஸீலா பின்னால் நின்றிருந்தாள்.

"தொடாதன்னு சொன்னேனில்ல?"

"அண்ணி, இது..."

"கழுவு. கேள்வி கேக்காத."

"எனக்காகவா?"

"உனக்காகவாம்! மொகத்தப் பாரு. அவன் குடுத்த விசாவுல இவரு போயி, அவனுக்குக் கீழ வேலை பாத்து, அப்புறம் நான் வாழ்நாளெல்லாம் அவன் சொன்னதுக்கு ஆடணும். எனக்குத் தலையெழுத்தா?"

கௌஸர் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்தபடியே கேட்டாள்: "அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

தன்ஸீலா துப்பட்டாவைப் பழையபடி புருவம் வரை இறக்கிக்கொண்டாள்.

"உங்கண்ணன் மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே சுண்ணாம்பு கலக்கினவரு. கைய விட்டதும் அது என்னன்னு தெரியாதா அவருக்கு? எடுத்துடவான்னு கேட்டேன். இருக்கட்டும்னாரு. அப்புறம் ஒரு நாளாவது, இதுல என்ன போட்டன்னு கேட்டாரா?"

கௌஸர் எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் முதஸ்ஸர் கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனிகள் சிவந்து, வெந்து, தோலுரிந்திருந்தன. தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்க்கப் பார்த்தான். முடியாமல் கையை எடுத்துக்கொண்டான். தாயின் முதுகைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்ன நிக்கிற?" என்றாள் தன்ஸீலா. "அந்தப் பெட்டிய வாசல்ல இருந்து எடு, போற வர்றவங்க காலுல இடிக்குது. அப்புறம் போயி உங்கண்ணனுக்கு ரொட்டியப் பிச்சுக் குடு. வளைஞ்ச கைன்னு சாக்குச் சொல்லாத."