கடைப் பெயரின் சாவி

பூட்டுக்கடைக்காரிக்குத் தன் கடைக்கென்று ஓர் இணையதளம் வேண்டும். அதன் பெயரை எந்த நிறுவனத்தில் பதிவது என்பதில்தான் வீட்டில் இழுபறி.

"முதல் வருஷம் பாதி விலைதானாம். இதையே வாங்கிடு," என்று கணவர் கணினித் திரையைக் காட்டினார்.

அவள் திரையின் அடியில் இருந்த பொடி எழுத்தையும் படித்தாள். அடுத்த வருடத்திலிருந்து நாலு மடங்காம்.

"சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டு, அப்புறம் குரல்வளையைப் பிடிப்பாங்க போல," என்று அதை ஒதுக்கினாள்.

விலை ஏற்றாத நிறுவனங்கள் மூன்று தேறின. மூன்றுக்கும் ஒரே கேள்வியை எழுதினாள்: "நாளைக்கு நான் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால், என் பெயரை எப்படி எடுத்துப் போவது?"

கணவர் சிரித்தார். "சேரும்போதே பிரியறதைப் பத்தியா கேப்பாங்க?"

"பூட்டு வாங்குறவங்க சாவி எத்தனைன்னு கேக்குறதில்லையா?"

ஒரு நிறுவனம் வாயே திறக்கவில்லை. இன்னொன்று வெறும் விளம்பரத்தை அனுப்பியது. மூன்றாவதிலிருந்து ஒரு பெண் பொறுமையாக எழுதியிருந்தாள்: "பெயர் உங்களுடையதுதான் மேடம். மாற்றுவதற்கான குறியீட்டை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது."

அங்கேயே பதிந்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே தட்டினாள்.

மறுநாள் கடைக்கு வந்தவரிடம் கணவர் மார்தட்டிக்கொண்டார்: "எங்க கடைப் பேரை நெட்ல பதிஞ்சாச்சு. வீட்டம்மா அலசி ஆராய்ஞ்சு பிடிச்ச இடம், ஒருத்தரும் அசைக்க முடியாது!"

நினைத்தபோது மாறிப் போகலாம் என்பதற்காகவே அந்த இடத்தைப் பிடித்தவள், சாவியை அரத்தால் ராவிக்கொண்டே சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.