மெழுகுவத்தி பிடித்த கை

“இதோ கீறாரு பாருங்கண்ணா” என்று பாக்கியவதி படத்தின் மேல் விரலை வைத்தாள்.

சகாயம் பசைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்தான். சென்னையில் ஓர் அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் மரக்கட்டையில் படம் செதுக்கியவன். பார்வை மங்கியதும் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துக்கு வந்து, மாதா கோயில் பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை கட்டிப் பிழைக்கிறான்.

லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த படம் அது. அவள் பாத்திரம் தேய்க்கும் பங்களாவின் துரைசானி கிழித்துக் கொடுத்தது. சுரங்க வாய், அருகே புகைபோக்கி, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கக் காத்திருக்கும் ஒன்பது கூலிகள். ஒருவன் மட்டும் எரியும் மெழுகுவத்தியை உயர்த்திப் பிடித்திருந்தான். இடது கையில்.

அவள் புருஷனை ‘பீச்சாங்கை வேலு’ என்றுதான் கூலி லைன் முழுக்கக் கூப்பிடும். அவள் பிரசவத்துக்குக் குடியாத்தம் போயிருந்தபோது ஷாஃப்டின் செங்குத்துக் குழியில் விழுந்து செத்துப்போனான். இவள் ஓடி வருவதற்குள் புதைத்து மூன்று நாளாகியிருந்தது. போட்டோ கிடையாது. மகளுக்கு இப்போது எட்டு மாசம்.

“நீங்க இந்த வேலை பார்த்தவரு. அவருதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. இதான்டி உங்கப்பான்னு பொண்ணுக்குக் காட்டுவேன்.”

சகாயம் பூதக்கண்ணாடியை எடுத்தான். பழைய தொழில் பசி கிளம்பிவிட்டது.

“இன்னா வேலைம்மா இது! சுத்தி இருக்கிற எட்டு பேரையும் நெருக்கக் கோடு போட்டு இருட்டுல தள்ளிட்டான். இந்த ஆளு மூஞ்சில மட்டும் கோட்டை விரிச்சு வெட்டிருக்கான். வெட்டுன எடம்தான் தாள்ல வெளுப்பா வரும். கோடெல்லாம் மெழுகுவத்தியிலேர்ந்தே கெளம்புது பாரு. நீ எங்க பாத்தாலும் கண்ணு இவன்கிட்டதான் வந்து நிக்கும்.”

“ஆமாண்ணா” என்றாள் அவள். முகம் பூரித்திருந்தது.

கண்ணாடி புகைபோக்கிக்கு நகர்ந்தது. சகாயம் தொடையில் தட்டிச் சிரித்தான்.

“அட லண்டன்காரா, ஏமாந்துட்டியே! ரோட்டுலேர்ந்து பாத்தா நம்ம சுரங்கத்துப் புகைபோக்கி ஷாஃப்டுக்கு வலப்பக்கம்தானே? இங்க இடப்பக்கம் நிக்குது. கட்டையில படத்தைத் திருப்பி வரைஞ்சு வெட்டணும். மடையன் நேரா வெட்டிட்டான். அச்சுல எல்லாம் பக்கம் மாறிப்போச்சு!”

அவள் சிரிக்கவில்லை.

“எல்லாமா அண்ணா?”

அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவனுக்குப் புரிந்தது. “இல்லம்மா… புகைபோக்கிய மட்டும் தப்பா…” என்று இழுத்தான். பொய் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பாக்கியவதி தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். படத்தின் முதுகைத் தன் பக்கம் திருப்பி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். புகைபோக்கி தன் இடத்துக்குப் போய்விட்டது. அவள் தினமும் கடந்து போகும் பாதை, மரம், எல்லாம் சரியாக நின்றன. மெழுகுவத்தி வலது கைக்கு மாறியிருந்தது. பிடித்திருந்தவன் யாரோ ஒருத்தன். தாளின் பின்பக்கத்துச் சோப்பு விளம்பரத்தின் எழுத்துகள் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே ஓடின.

சகாயம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான்.

அவள் தாளைத் திருப்பினாள். உள்ளே வந்து, பசைச் சட்டிக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரிய அதை வைத்தாள்.

“பின்னால அட்டை ஒட்டிக் குடுங்கண்ணா” என்றாள். “பின்னாலேர்ந்து வெளிச்சம் உள்ள பூராத மாதிரி.”

அவன் இருப்பதிலேயே தடித்த அட்டையைத் தேடி எடுத்தான். பசை தடவினான். காற்றில் ஓரம் எழும்பாமல் இருக்க, தாளை அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.