இரண்டு பிரசங்கங்களுக்கு நடுவே

இளம் போதகர் பிரசங்கத்தின் மூன்றாம் பிரிவில் மூச்சு வாங்கச் சற்றே நிறுத்தினார். முன்வரிசையில் கண்ணயர்ந்திருந்த கர்னல் ஆசகேல் தோர்ன், எல்லாம் முடிந்ததென்று நினைத்துத் துள்ளியெழுந்து, பீரங்கிச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டையில் ஆசீர்வாதம் கூறிவிட்டார். சபை மொத்தமும் எழுந்து, கால் சூடேற்றும் கனல்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது. நாய்கள்கூடப் போய்விட்டன. போதகரிடம் இன்னும் இரண்டு பிரிவுகள் மிச்சமிருந்தன.

விடுதலைப் போருக்கு முன்பு அந்தப் பிரசங்க மேடை ஆசகேலுடையது. பிறகு அங்கியைக் கழற்றிவிட்டுப் படைக்குப் போனார். வாளைக் கழற்றிவிட்டு ஹார்ட்ஃபோர்டில் மாநிலச் சட்டசபைக்குப் போனார். கழற்றுவதில் மட்டும் கெட்டிக்காரர். இப்போது மனைவியும் இல்லை, பதவியும் இல்லை. வசந்தத்தில் இளம் போதகர் வேறு ஊருக்குப் போகிறார். காலியாகும் மேடைக்குத் தன்னைக் கூப்பிடுவார்களா? அதை மட்டும் எவரும் சொல்வதாக இல்லை.

ஆலயத்தில் அடுப்பு கிடையாது. மத்தியானப் பிரசங்கம் வரைக்கும் ஒவ்வொரு குடும்பமும் பக்கத்திலுள்ள தன் குடிசையில் நெருப்பு மூட்டிச் சாப்பிடும். போதகராக இருந்த காலத்தில் எல்லாக் குடிசையிலும் இடமிருந்ததால், ஆசகேல் சொந்தமாக ஒன்று கட்டிக்கொள்ளவில்லை.

மூப்பர் எலிப்பேலேத் தன் குடிசை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "வாங்க போதகரய்யா... இல்ல, கர்னலய்யா... இப்ப எப்படிக் கூப்பிடணும்?"

"ஆசகேல்னே கூப்பிடுய்யா."

"அதெப்படி! இன்னிக்கு உங்க ஆசீர்வாதம் பிரமாதம். சீக்கிரம் வந்துச்சு."

"மேடை விஷயம் என்னாச்சு?"

"ஊர்க்கூட்டம் கூடணும்ல? பனி உருகட்டும். குதிரை நல்லாருக்கா?"

கதவு மூடியது. அடுத்த குடிசையிலும் குதிரையைத்தான் விசாரித்தார்கள். ஊரில் தன்னைவிடக் குதிரைக்குத்தான் சிநேகிதர்கள் அதிகம் என்று அவருக்குப் பட்டது.

விதவை கேத்தூராள் சாம்பல் கொட்ட வெளியே வந்தாள். "யாரது, பனியில நின்னு உறைஞ்சுபோன சோளரொட்டியக் கடிக்கிறது? பல்லு போயிடும்."

"கேத்தூரா, நீயாச்சும் சொல்லும்மா. என்னைக் கூப்பிடுவீங்களா?"

அவள் சாம்பல் சட்டியைக் கீழே வைத்தாள்.

"மாட்டோம். அந்த மேடையில நின்னுதான் சண்டைக்குக் கூப்பிட்டீங்க. என் பிள்ளை ஆமோஸ் உங்க பின்னாடி வந்தான். நீங்க மட்டும் திரும்பி வந்தீங்க. அது உங்க தப்பில்ல ஐயா. ஆனா நீங்க மறுபடி அங்க ஏறி நின்னா, உங்களுக்குப் பின்னாடி அவன் போறதுதான் என் கண்ணுல தெரியும். எனக்கு மட்டுமில்ல, இங்க நிறைய வீட்டுல அப்படித்தான். மேடை கிடையாது. அடுப்புப் பக்கத்துல இடம் இருக்கு, வர்றதுன்னா வாங்க."