பேட்டரி வேண்டாம்

அன்புச்செல்வியை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆரணி பஜாரில் தனசேகரன் பட்டுக் கடையில் வருஷக் கணக்காகப் புடவை எடுத்துப் போடுகிறவள் அவள். வந்தவள் வாங்க வந்தவளா, வெயிலுக்கு ஒதுங்க வந்தவளா என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள். தொழிலில் அவளுக்கென்று ஒரு வித்தை உண்டு. முதலில் கேட்ட விலைக்கு ஒரு புடவையை விரிப்பாள். அதன் பக்கத்திலேயே, யாரும் கேட்காமல், விலை கூடின ஒன்றைத் தூக்கிப் போடுவாள். "இதுவும் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அது ஆயுசுக்கும் உழைக்கும்." அவ்வளவுதான், பிறகு வாயை மூடிக்கொள்வாள். பாதிப் பேர் அந்த மௌனத்திலேயே விழுந்துவிடுவார்கள்.

தானே போட்ட வலையில் இன்னொருத்தன் தன்னைப் பிடிக்கப் பார்த்தால் விடுவாளா?

எழிலரசன் என்ற அந்தச் சோலார் கம்பெனிப் பையன் ஜனவரி மாசக் கடைசியில் வீட்டுக்கு வந்தான். இவள்தான் வரச் சொல்லியிருந்தாள். காரணம் உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தது. புருஷன் துரைக்கண்ணு அரிசி ஆலையில் உமித் தூசிக்குள்ளேயே உழைத்து, நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். இப்போது அவன் மூக்கில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்ஸிஜன் மெஷின். அது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து ராப்பகலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் இருக்கிறவரைக்கும்தான் அதற்கும் உயிர். இரண்டு மாசத்துக்கொரு தரம் வரும் மின்சார பில்லைப் பார்த்தால் அன்புச்செல்விக்கும் ஒரு குழாய் தேவைப்படும் போலிருக்கும்.

பில் ஒரு தொல்லை என்றால், மாசாந்திர கட் அதைவிடப் பெரிய பேஜார். பராமரிப்பு வேலை என்று மாசம் ஒரு நாள் காலையில் ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் கொடுப்பார்கள். முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள், குறை சொல்ல முடியாது. அன்றைக்கு விடியற்காலையிலேயே முத்துவேலின் ஆட்டோ வந்துவிடும். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, வழிக்கு ஒரு சின்ன சிலிண்டரை மாட்டிக்கொண்டு, சேத்துப்பட்டில் இருக்கும் நாத்தனார் காசியம்மாள் வீட்டுக்குப் போவார்கள். அந்த ஊருக்கு வேறு லைன், அங்கே வேறு நாளில்தான் கட்.

போவது ஆட்டோவில் என்றாலும் அன்புச்செல்விக்கு முள்ளின்மேல் நடப்பது போலத்தான். காசியம்மாள் தம்பிக்குக் காபி கொடுப்பாள். தம்பி பெண்டாட்டிக்குக் கொடுக்க மறந்துவிடுவாள். "மாசம் பொறந்தா வந்துடறீங்க, காலண்டரே பார்க்க வேணாம் போல இருக்குது," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல இவளுக்குச் சொல்வாள். இவள் தலையைக் குனிந்துகொண்டு மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். திரும்பும்போதெல்லாம் ஆட்டோவில் அழுவாள். துரைக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொள்வான், பேச அவனுக்கு மூச்சு கிடையாது.

எழிலரசன் செல்போனில் இரண்டு பிளான் காட்டினான். முதல் பிளானில் மாடியில் தகடு, சுவரில் ஒரு பெட்டி, புது மீட்டர். பகலில் தகடு செய்கிற கரண்ட் வீட்டுக்குப் போக மிச்சம் லைனுக்குப் போகும், அதைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். பில் அநேகமாக இருக்காது. மானியமும் உண்டு. இரண்டாவது பிளானும் அதேதான், கூடவே பேட்டரி. விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

"பேஷண்ட் இருக்கிற வூடுக்கா. பேட்டரியோட போட்டுக்கினா உங்களுக்கு நல்லது. ரொம்ப நாளைக்கு உழைக்கும்," என்றான்.

அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அட தம்பி, இந்த வித்தையை யாரிடம் காட்டுகிறாய்? இதைத்தானே நான் தினமும் கடையில் செய்துகொண்டிருக்கிறேன்?

"பேட்டரி எதுக்கு தம்பி?"

"கரண்ட் கட் ஆச்சுன்னா..."

"எங்க தெருவுல கட் ஆவறது பகல்ல. பகல்ல வெயில் இருக்குது. வெயில்ல ஓடறதுக்கு பேட்டரி எதுக்கு? அது ராத்திரிக்குத்தானே? ராத்திரில போனாலும் அஞ்சு நிமிஷத்துல வந்துடும். எங்க மொதலாளி வூட்ல தகடு போட்டுக்கினுதான் இருக்காங்க, பார்க்கிறேனே. தெருவே கரண்ட் இல்லாம கெடக்கும், அவங்க வூட்ல ஏசி ஓடும்."

"அக்கா, அவங்க வூட்ல இருக்கிறது..."

"வேணாம்னா வேணாம். மொத பிளான போடறதுன்னா போடு. இல்லன்னா சொல்லிடு, வேற ஆளப் பார்த்துக்கறேன்."

மாசக் கடைசி, கம்பெனியில் எத்தனை வீடு பிடித்தாய் என்று கேட்கும் நேரம். கைக்கு வந்த வீட்டை விட அவனுக்கு மனசில்லை. "சரிக்கா, உங்க இஷ்டம்," என்றான்.

கட்டிலில் இருந்து துரைக்கண்ணு கையைத் தூக்கினான். "செல்வி... அந்தத் தம்பி இன்னாமோ... சொல்ல வருது. கேளு."

"நீங்க சும்மா இருங்க. வியாபாரம் எனக்குத் தெரியாதா?"

ஒரு வார்த்தைக்கு மேல் வாதாட அவனிடம் காற்று இல்லை. பாவி மனுஷி, பேசி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

தகடு வந்தது. பில் நிஜமாகவே ஒன்றுமில்லாமல் வந்தது. தெருவில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னாள். கடையில் வாடிக்கைக்காரர்களிடம்கூட புடவையை விட்டுவிட்டு அதைத்தான் பேசினாள். பங்குனியிலும் சித்திரையிலும் பொதுப்பரீட்சை என்று மாசாந்திர கட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. மெஷின் கீ என்று கத்தியது, கத்தி முடிப்பதற்குள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. "பார்த்தீங்களா? தகடு புடிச்சிக்கிச்சு," என்றாள் புருஷனிடம். அது லைனிலேயே வந்த கரண்ட் என்று அவளுக்கு யார் சொல்வது? அந்தத் தைரியத்தில் கடைசியாகச் சேத்துப்பட்டு போய்வந்ததில் காலியாகிக் கிடந்த சின்ன சிலிண்டரை ரொப்பி வைக்கவும் தோன்றவில்லை. இனி எந்த வழிக்குப் போகப் போகிறோம்?

வைகாசி பிறந்ததும் பேப்பரில் கட் அறிவிப்பு வந்தது. முத்துவேல் முதல் நாளே போன் செய்தான். "அக்கா, நாளைக்கு வண்டி எடுத்துகினு வரட்டா? வேலூருக்கு ஒரு சவாரி கூப்பிடறாங்க, உங்களுக்காகத்தான் சொல்லாம வச்சிருக்கேன்."

"நீ வேலூருக்கே போ முத்துவேலு. எங்களுக்கு இனிமே வண்டி வேணாம்."

மறுநாள் காலையில் காசியம்மாளே கூப்பிட்டாள். "இன்னாம்மே, இன்னிக்கு உங்க ஊர்ல கட்டாமே? இன்னும் கெளம்பலியா? தம்பிக்குப் புடிக்கும்னு சுண்டக்கா கொழம்பு வச்சிருக்கேன்."

இத்தனை நாள் குனிந்த தலைக்கு அன்றைக்குத்தான் நிமிர ஒரு வாய்ப்பு. அன்புச்செல்வி அதை விடவில்லை. "எங்களுக்கு இனிமே எந்தக் கட்டும் கெடையாதுங்க அண்ணி. ஒங்க தம்பி அவரு வூட்லயே இருப்பாரு," என்றாள். போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். மகள் கலையரசி செய்யாறு ஷூ கம்பெனிக்கு அதிகாலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். முதலாளி வீட்டில் எல்லோரும் காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், கடைக்கும் லீவு. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் நிம்மதியாக ஒரு நாள் இருக்கப் போகிறோம் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது. மெஷின் கீ என்று கத்தியது.

"இருங்க, இப்ப தகடு புடிச்சிக்கும்," என்றாள்.

கத்திக்கொண்டே இருந்தது. அவள் மெஷினைத் தட்டினாள். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். சுவரில் இருந்த பெட்டியைப் போய்ப் பார்த்தாள், அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. மாடிக்கு ஓடினாள். தகடுகள் கையை வைக்க முடியாமல் கொதித்துக்கொண்டிருந்தன. வானத்தில் பெயருக்கு ஒரு மேகமில்லை. இவ்வளவு வெயில் கொட்டுகிறது, கீழே ஒரு மெஷின் ஓடாதா? எழிலரசனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கட் ஆயிடுச்சு, உன் தகடு ஓடலியே! ஜல்தியா ஆள் அனுப்பு!"

"அக்கா... அது ஓடாதுக்கா. லைன்ல கரண்ட் இருந்தாத்தான் அந்தப் பெட்டி வேலை செய்யும். லைன் ஆஃப் ஆனா அதுவும் ஆஃப் ஆயிடும். கம்பத்துல ஏறி வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிச்சிடக் கூடாதுல்ல, அதுக்காக அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

"எங்க மொதலாளி வூட்ல ஓடுதே?"

"அவங்களது பேட்டரி பிளானுக்கா. அன்னிக்கு அதத்தான் நான் சொல்ல வந்தேன்..."

போன் கையிலிருந்து நழுவி மாடித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் கீழே ஓடினாள்.

துரைக்கண்ணு எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு கருத்துக்கொண்டு வந்தது. அவள் காலி சிலிண்டரைத் திருகிப் பார்த்தாள், காலி என்று தெரிந்தே திருகினாள். பிறகு மேலே போய்ப் போனை எடுத்து முத்துவேலைக் கூப்பிட்டாள். அவன் வேலூரில் இருந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டி முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கேசுக்குப் போயிருக்கிறது, இறக்கிவிட்டு வந்துவிடும் என்றார்கள். அங்கே கரண்ட் இருக்கும், காவலுக்காவது யாராவது இருக்க மாட்டார்களா என்று முதலாளி வீட்டுக்கு வெறுங்காலில் ஓடினாள். பெரிய கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே வராந்தாவில் யாரோ அணைக்க மறந்த ஒரு விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. கேட்டைப் பிடித்து உலுக்கினாள், "ஐயோ, யாராவது இருக்கீங்களா, ஐயோ" என்று கத்தினாள். தெருவில் இருந்தவர்கள்தான் ஓடிவந்தார்கள்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி விசிறியால் வீசினாள். ஒருவன் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகலாம் என்றான். தூக்கி நிறுத்தியபோது துரைக்கண்ணுவின் கால் நிற்கவில்லை, திரும்பக் கட்டிலில் கிடத்தினார்கள். அன்புச்செல்வி அவன் முகத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "இதோ வந்துடும்ங்க, வண்டி வந்துகினே இருக்குது, கொஞ்சம் பொறுத்துக்கங்க, எனக்காகப் பொறுத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் பிழைத்துப் போயிருப்பாள். கோபம் இல்லை. அவளை ஏதோ சமாதானப்படுத்த வருகிறவன் போல கையைத் தூக்கினான். கை பாதியில் விழுந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் போனது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "எப்ப மூச்சு நின்னுச்சு?" என்று கேட்டார்.

மத்தியானம் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கரண்ட் இருக்கா?" என்று கேட்டான். "சாயங்காலம்தாங்க வரும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அதுவரைக்கும் ஐஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கி வைத்தார்கள். அது உருகி உருகிக் கூடம் முழுக்க ஓடியது, பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி போட்டுத் துடைத்தார்கள்.

காசியம்மாள் சேத்துப்பட்டிலிருந்து தலைவிரி கோலமாக வந்தாள். "எந்தம்பி வரேன்னா நான் வேணான்னேனா? வாய் துடுக்காப் பேசுனேன், அதுக்குன்னு இப்படிச் செய்வீங்களா?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அன்புச்செல்வியைப் பிடித்து உலுக்கினாள், பிறகு அவளையே கட்டிக்கொண்டு அழுதாள். அன்புச்செல்விக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கரண்ட் ஆபீஸ்காரனைச் சொல்லணும், சோலார்க்காரனைச் சொல்லணும், தலைவிதியைச் சொல்லணும் என்று வந்தவர்கள் ஆளுக்கு ஒருவரைக் குற்றம் சொன்னார்கள். அவளை மட்டும் யாரும் சொல்லவில்லை. இவ்வளவு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவளாயிற்றே என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு எங்காவது ஓடிப்போய்க் கிணற்றில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. ஆக்ஸிஜன் மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது, குழாய் கட்டிலில் கிடந்தபடி உஸ்ஸென்று காற்றை விட்டது. ஒருவன் சட்டென்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஃப்ரீசர் பாக்ஸின் பிளக்கைச் செருகினான்.

கம்பெனி பஸ் வந்து நின்றதும் கலையரசி இறங்கி ஓடிவந்தாள். ஷிப்ட் முடிந்து, உள்ளே போகும்போது வாங்கி வைத்த போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. கண்ணாடிக்குள் இருந்த அப்பாவைப் பார்த்தாள். சுவரில் இருந்த சோலார் பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை, எதையோ கூட்டிப் பார்க்கிறவள் போல நின்றாள். பிறகு அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு கட்டுன்னு தெரியுமில்லம்மா? அப்பாவ அத்தை வூட்டுக்குக் கூட்டினு போவலியா?"

காசியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அன்புச்செல்வி மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது.

"நல்லா வெயில் அடிச்சுதேடி பாப்பா," என்றாள்.