செட்டுக்கு வந்த விலை

ஐயம்பெருமாள் படுக்கையில் விழுந்த நாலாம் மாதம், அவருடைய பாட்டு செட்டை விற்றுவிடுவது என்று ஞானம்பாள் முடிவுக்கு வந்தாள். விக்கிரமசிங்கபுரம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த மனிதர். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. கைகால் பயிற்சி கொடுக்க வருகிறவருக்கு வாரம் தவறாமல் கொடுத்தாக வேண்டும். அவளுடைய டீச்சர் வேலைச் சம்பளம் மருந்துக்கே சரியாய்ப் போயிற்று.

அது சாதாரண செட் இல்லை. இங்கிலாந்தில் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், இசைத்தட்டு சுழலும் கனத்த டர்ன்டேபிள். எண்பத்து மூன்றில் பம்பாய்க்கு ரயிலேறிப் போய் வாங்கிவந்தார். அதில் அவளுடைய இரட்டைவடச் சங்கிலியும் போயிற்று.

"ஏளா, அழாத. இது செலவில்ல, முதலு. என்னைக்கு வித்தாலும் ஒண்ணரை லட்சத்துக்குக் கொறையாது" என்றார் அன்று. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பன்னிரண்டு வருஷமாக அதையே சொன்னார். கேட்டுக் கேட்டு அவளும் நம்பியிருந்தாள்.

முதலில் பார்த்தவர் ஆறாயிரம் என்றார். இரண்டாமவர் எடைக்குக் கேட்டார். மூன்றாவதாக திருநெல்வேலி ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் அகமது மீரான் வேனோடு வந்து, பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்து ஒரு மணி நேரம் பார்த்தார்.

"பொருள் நல்ல பொருளு டீச்சர். ஆனா ஒரு ஸ்பீக்கர்ல உள்ள காகிதக் கோனை மாத்தியிருக்கே?"

"எலி கடிச்சிட்டுன்னு மதுரையில மாத்திட்டு வந்தாங்க."

"அங்கனதான் அடி. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தான் மெட்ராஸ்காரன் காசை எடுப்பான். வால்வும் ஓஞ்சிருக்கு, புதுசு கிடைக்காது. செட்டு வந்த பெட்டி, ரசீது ஏதும் இருக்கா?"

பெட்டியையும் காகிதத்தையும் கரையான் தின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

"நம்ம ஊருல இப்ப சிடி போடுத செட்டுதான் கேக்காங்க. ரிமோட் உண்டான்னு முதல்ல கேக்கான். ஒம்பதாயிரம் தாரேன். அதுக்கு மேல எனக்குக் கட்டாது டீச்சர்."

வேன் கிளம்பிய பிறகு அவள் உள்ளறைக்குப் போனாள். ஐயம்பெருமாளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனது மட்டும் தெரிந்தது. இடக்கையை மெல்லத் திருப்பி, எவ்வளவு என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் போனாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"நீங்க சொன்னதுதான். ஒண்ணரை லட்சம்."

இழுத்துக்கொண்ட வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அன்று மதியம் இரண்டு கை சோறு கூடுதலாக உண்டார்.

ஒன்பதாயிரம் தீபாவளி வரை தாங்கியது. பிறகு பயிற்சிக்காரரை நிறுத்தினாள். ஐயம்பெருமாளின் பேச்சு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பொங்கலுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து தம்பி நடராஜ் வந்தபோது அவர் குழறிக் குழறி முதலில் சொன்னது செட்டு போன விலையைத்தான்.

நடராஜ் அடுப்படிக்கு வந்தார்.

"மதினி, இவ்வளவு பணம் வந்திருக்கு. பொறவு எதுக்குப் பயிற்சியை நிறுத்தினிய? அண்ணன் கை சுருண்டு கெடக்கு."

"ஒம்பதாயிரந்தான் தம்பி வந்திச்சு. அவங்க மனசு உடைஞ்சிருமேன்னு பொய் சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னது பொய்? அப்பவா, இப்பவா?"

அவள் பீரோவைத் திறந்து மீரான் ஒன்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துப்போய் கணவரிடம் நீட்டினாள். ஐயம்பெருமாள் அதை வெகுநேரம் பார்த்தார். தன் செட்டு ஒன்பதாயிரம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மனைவி ஏமாற்றிவிட்டாள் என்பதை நம்ப முடிந்தது. மறுநாள் காலையில் அவள் ஊட்டப் போன கையை இடக்கையால் தள்ளிவிட்டார். இட்லி தரையில் உருண்டது.

தை முடிவதற்குள் நடராஜ் கார் பிடித்துவந்து அண்ணனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஞானம்பாள் சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போகிறாள். அவருக்கு இப்போது பேச்சு நன்றாகவே தெளிந்துவிட்டது. ஆனால் அவளிடம் பேசுவது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க வச்சிருக்க?"

அவள் ஆரஞ்சுச் சுளையை உரித்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு எழுந்திருப்பாள்.