கன்ஹேரி மலையில் ஒரு பொங்கல்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து கன்ஹேரி குகைகளைப் பார்க்கப் போயிருந்தோம். போரிவிலியில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பாதி மலை ஏறியதும் பேராச்சி தன் பையிலிருந்து பொங்கல் பானையை வெளியே எடுத்தாள்.

“மைனி, சுத்திப் பாக்க வந்தமா, சோறு பொங்க வந்தமா?” என்றார் நயினார். சுற்றுலாவுக்கு அவர்தான் தலைவர்.

மகளுக்கு மஞ்சள் காமாலை தெளிந்தால் ஆடி முடிவதற்குள் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைப்பதாகப் பேராச்சி நேர்ந்திருந்தாள். காமாலை தெளிந்துவிட்டது; ஊருக்குப் போகத்தான் வழியில்லை. காட்டில் குடியிருக்கும் சாமிக்குத் தாராவிச் சாக்கடை ஓரத்தில் பொங்க அவளுக்கு மனம் வரவில்லை.

“கெழக்க பொங்கி வழியணும். கெழக்கு எந்தப் பக்கம்?”

ஆளுக்கொரு பக்கம் கை நீட்டினார்கள். பம்பாயில் ஈஸ்ட், வெஸ்ட் என்று ரயில் நிலையப் படிக்கட்டிலேயே எழுதியிருக்கும். இங்கே தண்டவாளமும் இல்லை, சூரியனும் இல்லை. பேராச்சி உத்தேசமாகக் கற்களைக் கூட்டினாள்.

தோல் பட்டறைக்காரன் ஜெயினுலாப்தீன் நண்பகல் லுஹர் தொழுகைக்காகப் பக்கத்துப் பாறையடியில் துண்டை விரித்தான். அடுப்பு பார்த்த திசைக்கு நேர் எதிராக முகம் வைத்து அவன் நிற்பதைப் பார்த்த பேராச்சி, “மேக்க பாத்துல்லா தொழுவாவ! அப்பம் நம்ம அடுப்பு சரிதான்” என்று பூரித்துத் தீ மூட்டினாள்.

நான்கு குடைகள் பானையைக் காத்தன. குடை பிடித்தவர்கள் நனைந்தார்கள். ஒருவழியாகப் பால் பொங்கி, அவள் நினைத்த பக்கமே வழிந்தது. பெண்கள் போட்ட குலவையில், யாரோ பாறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று பயந்து சோளம் சுட்டு விற்கும் அம்மாள் ஓடிவந்தாள்.

“பூரப்! பூரப் மே கிரா!” என்று நயினார், கிழக்கே வழிந்ததைத் தன் பம்பாய் இந்தியில் பெருமையடித்தார்.

“பூரப்? அரே, ஏ தக்கிண் ஹை!” என்று அவள் சிரித்தாள்.

தெற்கு! பேராச்சியின் முகம் செத்துவிட்டது. “எமன் தெசையில்லா? பிள்ளைக்கு நேந்தது...”

தொழுது முடித்து வந்த ஜெயினுலாப்தீன் தொப்பியைச் சொறிந்தான். “நான் ஒங்க அடுப்பப் பாத்துல்லா நின்னேன்!”

“நான் ஒன்னப் பாத்துல்லா தீய வச்சேன்!”

எல்லாரும் சிரித்தோம். பேராச்சி மட்டும் பானையையே பார்த்திருந்தாள். அவன் அவளருகே குந்தினான்.

“யக்கா, ஒங்க சாஸ்தா கோயில் எங்க இருக்கு?”

“களக்காட்டுப் பக்கம்.”

“இங்கேருந்து அது எந்தத் தெச?”

அவள் யோசித்தாள். கண் மெல்ல விரிந்தது. “தெக்க.”

“அப்பம் அவரு மூஞ்சிக்கு நேராத்தான் பொங்கியிருக்கு. வேற என்ன வேணும்?”

பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பானையைத் தெற்கு நோக்கிக் கும்பிட்டாள். உடனே அவளுக்கு இன்னொரு கவலை. “ஒம் தொழுக?”

“தேடிப் பாத்து நின்னாச் செல்லும்னு பள்ளிவாசல் அசரத்து சொல்லுவாவ.”

“நீ எங்க தேடுன? எம் அடுப்பத்தான பாத்த?”

லுஹர் நேரம் இன்னும் இருந்தது. சோளக்கார அம்மாளிடம் மேற்கைக் கேட்டுத் துண்டைப் பிழிந்து மறுபடி விரித்தான். பேராச்சி பின்னால் நின்று அவனுக்குக் குடை பிடித்தாள். பானைப் பக்கம் கை நீட்டிய நயினாரைக் கண்ணாலேயே அதட்டினாள்.

“தம்பி முடிக்கட்டும். எல்லாரும் சேந்து உக்காருவோம்.”

அடுத்தவர் கும்பிட்டு முடிக்கக் காத்திருப்பதும் ஒரு கும்பிடுதான். நயினார் அதைப் பசியோடு செய்தார். அவர் விரித்த இலையில் மழைத்தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.